படம் பார்த்தாச்சு... புத்தகத்தைப் படிச்சாச்சா?

சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்து ரிமோட்டைக் கையில் எடுக்கிறீர்கள். ஒரு ஆப், அப்புறம் இன்னொரு ஆப். போஸ்டர்களைத் தள்ளித் தள்ளியே அரை மணி நேரம் போய்விடுகிறது. கடைசியில் ஏற்கெனவே நாலு தடவை பார்த்த வடிவேலு காமெடியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். இது உங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை, எல்லார் வீட்டிலும் இதேதான்!

பார்ப்பதற்கு இவ்வளவு கொட்டிக்கிடக்கும்போது எதைப் பார்ப்பது, எதைப் படிப்பது என்று யாராவது நம்பகமாகச் சொன்னால் நல்லா இருக்கும்தானே? அதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஆனால், வழக்கமான 'இந்த வாரம் பார்க்கவேண்டிய 10 படங்கள்' பட்டியல் இல்லை. சமீப வருடங்களில் புத்தகத்திலிருந்து திரைக்கு வந்த கதைகளை மட்டும் ஜோடி ஜோடியாக எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜோடியிலும் எதை முதலில் தொடுவது என்று பார்ப்போம். அதோடு, இந்தப் போக்கில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்பதையும் கொஞ்சம் பேசிவிடலாம்.

ஏன்னா, 'புத்தகம்தான் பெஸ்ட், படம் வேஸ்ட்' என்று ஒரு கூட்டமும், 'படமே பார்த்தாச்சு, இனி எதுக்குப் புத்தகம்?' என்று ஒரு கூட்டமும் வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டே இருக்கின்றன. இரண்டுமே பாதி உண்மைதான்.

புதுசு இல்லை, மறந்துபோன பழக்கம்

இலக்கியத்திலிருந்து படம் எடுப்பது ஓ.டி.டி கண்டுபிடித்த சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை. ரஜினியின் 'முள்ளும் மலரும்' (1978) உமாசந்திரனின் நாவல். அடுத்த வருடமே மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்க'ளுக்கு விதை போட்டது புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாகவும் பேசப்பட்டது, படமாகவும் பேசப்பட்டது.

அப்புறம் என்ன ஆச்சு? 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று நாலுக்கும் ஒரே பெயர் வருவது தமிழ் சினிமாவில் ஒரு கௌரவமாகிவிட்டது. அதில் அருமையான படங்களும் வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், எழுத்தாளரைத் தேடிப் போகும் வழி மெல்ல மெல்லக் குறுகிப்போனது. கதைத் திருட்டுப் புகார்கள் பெருகின. 2018-ல் 'சர்கார்' கதை யாருடையது என்கிற விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது ஞாபகம் இருக்கும்.

அந்தப் பழைய வழியை மறுபடி அகலப்படுத்தியதில் 'அசுர'னுக்கு (2019) பெரிய பங்கு உண்டு. பூமணியின் 'வெக்கை' 1982-ல் வந்த நாவல். ஒரு கொலையைச் செய்துவிட்டு ஓடும் சிறுவனும், அவனோடு காட்டில் அலையும் அப்பனும்தான் அதன் உலகம். அதை எடுத்துக்கொண்டு, அப்பனுக்கு ஒரு பெரிய ஃபிளாஷ்பேக் கொடுத்து, தனுஷை அதில் நிறுத்தினார் வெற்றிமாறன். படம் வசூலும் செய்தது, தேசிய விருதும் வாங்கியது. 37 வருடங்களாக அலமாரியில் இருந்த நாவல் திடீரென்று எல்லார் வாயிலும் வந்தது. கதையும் பணம் சம்பாதிக்கும் என்று தயாரிப்பாளர்களுக்குப் புரிந்தது அந்த மாதிரி வெற்றிகளால்தான்.

இன்னொரு காரணம் நேரம். இரண்டரை மணி நேரப் படத்தில் 800 பக்க நாவலை அடைக்க முடியாது. வெப் சீரிஸில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கிடைக்கிறது. நாவலுக்கு இது தோதான சட்டை. சரி, ஜோடிகளுக்கு வருவோம்.

ஆடு ஜீவிதம்: புத்தகம் முதலில்

பென்யாமினின் 'ஆடு ஜீவிதம்' 2008-ல் மலையாளத்தில் வந்தது. பிளெஸ்ஸி இயக்கி, பிரித்விராஜ் நடித்த படம் 2024 மார்ச்சில் வந்தது. நடுவில் 16 வருடங்கள்! கொரோனா நேரத்தில் படக்குழு ஜோர்டான் பாலைவனத்தில் மாட்டிக்கொண்டதையெல்லாம் அப்போதே செய்திகளில் படித்திருப்பீர்கள். நாவலைத் தமிழிலேயே வாசிக்கலாம்.

வளைகுடா வேலைக்குப் போன நஜீப் என்கிற இளைஞன், ஏர்போர்ட்டிலிருந்தே யாரோ ஒருவரால் அழைத்துச் செல்லப்பட்டு, பாலைவனத்தின் நடுவில் ஆட்டுப்பட்டியில் அடிமையாக அடைபடுகிறான். உண்மையில் நடந்த ஒருவருடைய அனுபவத்தை வைத்து எழுதப்பட்ட கதை. பென்யாமினே பல வருடங்கள் பஹ்ரைனில் வேலை பார்த்தவர்.

இதில் ஏன் புத்தகம் முதலில்? நாவல் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? தப்பித்து வந்தபிறகு! இரண்டு பேர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று, 'எங்களைப் பிடித்து உள்ளே போடுங்கள்' என்பதுபோல முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஜெயிலே சொர்க்கம் என்று ஒருவன் நினைக்கிறான் என்றால், அவன் அதற்குமுன் எங்கே இருந்திருப்பான்? முதல் சில பக்கங்களிலேயே இந்தக் கேள்வி உங்களைப் பிடித்துக்கொள்ளும். 'தப்பிப்பானா' என்கிற பதற்றத்தை எழுத்தாளர் ஆரம்பத்திலேயே கழற்றி வைத்துவிடுகிறார். 'எப்படி உயிரோடு இருந்தான்' என்பதுதான் மிச்சம். ஆடுகளுக்கு ஊர்க்காரர்களின் பெயரை வைத்து அவற்றோடு பேசிப் பேசியே அவன் பைத்தியமாகாமல் தப்பிக்கிறான். அந்தப் பேச்சில் சிரிப்புகூட இருக்கிறது.

படம் ஜெயிலைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறது. தப்பிப்பானா மாட்டானா என்று நம்மைச் சீட்டு நுனியில் உட்காரவைக்கிறது. ஊரில் ஆற்றுக்குள் முங்கி மணல் அள்ளியவன், இங்கே ஒரு வாய் தண்ணீருக்கு ஏங்குகிறான். தண்ணீரையும் மணலையும் மாறி மாறிக் காட்டுவதில் படம் புத்தகத்தையே தாண்டிவிடுகிறது. ஆனால், அவன் மனசுக்குள் பேசிக்கொள்வதைக் கேமரா காட்ட முடியாது. படத்தை முதலில் பார்த்துவிட்டால், படிக்கும்போது பிரித்விராஜின் எலும்பும் தோலுமான உடம்புதான் கண்ணில் நிற்கும், நஜீபின் குரல் காதில் விழாது. அதனால் புத்தகம் முதலில். நம்ம ஊரிலிருந்தும் ஏஜென்ட்டை நம்பி வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள்.

தனிமையின் நூறு ஆண்டுகள்: சீரிஸ் முதலில்

இதைச் சொன்னால் தீவிர வாசகர்கள் என்னை அடிக்க வரலாம். பரவாயில்லை!

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் நாவல் 1967-ல் வந்தது. தமிழில் சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும் மொழிபெயர்க்க, 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்று காலச்சுவடு வெளியிட்டது. இதை வாங்கியவர்களில் எத்தனை பேர் முடித்திருப்பார்கள் என்று கேட்டால் பல பேர் மெதுவாக நழுவிவிடுவார்கள். காரணம், பெயர்கள்! தாத்தா பெயரும் மகன் பெயரும் பேரன் பெயரும் ஒன்றே. அவுரேலியானோ என்ற பெயரில் மட்டும் ஒரு கிரிக்கெட் டீமே போடலாம். போதாததற்குக் காலம் முன்னும் பின்னும் தாவும். ஐம்பதாவது பக்கத்தில் 'யாருடா இவன்?' என்று மூடிவைத்தவர்கள் ஏராளம்.

மார்க்கேஸ் தன் வாழ்நாளில் இந்த நாவலைப் படமாக்கச் சம்மதிக்கவில்லை. 2014-ல் அவர் மறைந்தபிறகு, ஸ்பானிய மொழியிலேயே, கொலம்பியாவிலேயே, நீண்ட தொடராக எடுப்பது என்ற ஏற்பாட்டில்தான் குடும்பம் இறங்கிவந்தது. அவருடைய மகன்களே நிர்வாகத் தயாரிப்பாளர்கள். 16 எபிசோடுகள் என்ற திட்டத்தில் முதல் எட்டு 2024 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தன. மகோந்தோ என்கிற கற்பனை ஊரை நிஜமாகவே கட்டி எடுத்திருக்கிறார்கள்.

சீரிஸ் கதையைப் பெரும்பாலும் வரிசையாகச் சொல்கிறது. கல்யாணம், ஊரை விட்டுக் கிளம்புதல், புது ஊர் கட்டுதல், பிள்ளைகள், போர் என்று நேராகப் போகிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. மூன்று எபிசோடு பாருங்கள், நிறுத்துங்கள், புத்தகத்தை எடுங்கள். அப்போது அந்த வாக்கியங்கள் உங்களை இழுத்துக்கொண்டு போகும். ஊருக்கே தூக்கம் போகிற நோய் வந்து, ஞாபகம் அழிந்து, பொருள்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டிவைக்கிற பகுதி இருக்கிறதே... அதைத் திரையில் பார்ப்பது ஒரு சுகம் என்றால், படிப்பது வேறு மாதிரியான பயம்.

பெரியவர்களுக்கான காட்சிகள் நிறைய உண்டு. குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பாருங்கள்.

விடுதலை, பொன்னியின் செல்வன்: ஒன்று விரிந்தது, ஒன்று சுருங்கியது

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஜெயமோகனின் 'துணைவன்' ஒரு சிறுகதை. அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'விடுதலை' இரண்டு பாகங்கள்! முதல் பாகம் 2023 மார்ச்சிலும், இரண்டாம் பாகம் 2024 டிசம்பரிலும் வந்தன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை கல்கி இதழில் வந்த ஐந்து பாக நாவல். அதுவும் மணிரத்னம் கையில் இரண்டே பாகங்கள்தான்! ஒருவர் மாவைப் பிசைந்து பெரிதாக்கினார், இன்னொருவர் காய்ச்சிச் சுண்டவைத்தார்.

'விடுதலை'யில் புதிதாகச் சேர்க்கப்பட்டதுதான் பலம். சூரி நடித்த கான்ஸ்டபிள் குமரேசனின் கண்வழியாக, அரசு என்கிற இயந்திரம் ஒரு மலைக்கிராமத்தை எப்படி மிதிக்கிறது என்று முதல் பாகம் காட்டுகிறது. தொடக்கத்தில் வரும் அந்த நீளமான ரயில் விபத்துக் காட்சியைச் சிறுகதையில் தேடாதீர்கள். சிறுகதையை அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். ஒரு விதை எப்படி மரமாகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள், எழுத ஆசைப்படுகிறவர்கள், குறும்படம் எடுக்கிற பசங்க எல்லாரும் இரண்டையும் ஒரே வார இறுதியில் முடியுங்கள். எது முன்னே, எது பின்னே என்பது இங்கே முக்கியம் இல்லை.

'பொன்னியின் செல்வ'னில் வேறு கதை. ஆதித்த கரிகாலன், நந்தினி ஆகிய இருவரின் காயத்தைப் படம் நடுவில் வைத்தது. நல்ல முடிவுதான். ஆனால், கல்கியின் ருசி வழியில் இருக்கிறது. வந்தியத்தேவன் சத்திரத்தில் தூங்குவது, பொய் சொல்லி மாட்டிக்கொள்வது, ஆழ்வார்க்கடியானோடு வம்பளப்பது, அத்தியாயக் கடைசியில் 'அப்புறம் என்ன?' என்று நம்மைத் தொங்கவிடுவது எல்லாம் நாவலில்தான். வாரப் பத்திரிகைக்கு எழுதியவருக்கு அந்தக் கொக்கி போடுகிற வித்தை தெரியும். இன்றைய வெப் சீரிஸ்காரர்கள் செய்வதும் அதேதான்.

வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு யோசனை. படத்தின் முதல் பாகத்தைச் சேர்ந்து பாருங்கள். அப்புறம் நாவலின் முதல் பாகத்தை ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம் வீதம் நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஒரு வாரத்தில் அவர்களே பிடுங்கிக்கொண்டு போவார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் எந்தப் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் பல பதிப்புகள் கிடைக்கும். வாங்கும்போது முழுப் பதிப்பா, சுருக்கமா என்று மட்டும் புரட்டிப் பாருங்கள்.

சேத்துமான், அங்கம்மாள்: சின்னப் படங்களைத் தவறவிடாதீங்க

மேலே சொன்னதெல்லாம் பெரிய பேனர், பெரிய விளம்பரம். இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்.

பெருமாள்முருகனின் 'பூக்குழி' ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் வந்தது. அதே வருடம் 'ஆளண்டாப் பட்சி'யின் மொழிபெயர்ப்பு ஜே.சி.பி பரிசை வென்றது. உலகம் கொண்டாடிய இந்த எழுத்தாளரின் சிறுகதைகளிலிருந்து தமிழில் இரண்டு படங்கள் வந்திருக்கின்றன. உங்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்?

முதலாவது, 'வறுகறி' கதையிலிருந்து தமிழ் இயக்கிய 'சேத்துமான்'. பா.இரஞ்சித் தயாரிப்பில் 2022-ல் சோனி லிவ்வில் வந்தது. கூடை முடையும் ஒரு தாத்தா, படிக்கிற வயதில் ஒரு பேரன், பன்றிக் கறி தின்ன ஆசைப்படும் பண்ணையார். இவ்வளவுதான் கதை. பண்ணையாருக்குக் கறி வேண்டும், ஆனால் ஊருக்குத் தெரியக் கூடாது! தட்டில் என்ன இருக்கிறது என்பதை வைத்து ஒரு மனிதனின் தரத்தைத் தீர்மானிக்கிற சமூகத்தைப் பற்றி இவ்வளவு சிரிப்போடும் கசப்போடும் வந்த படம் சமீபத்தில் குறைவு. நாட்டின் உயர்ந்த நாற்காலிக்கு ஒரு தலித் வருகிற செய்தி பின்னணியில் டிவியில் ஓடுகிறது. முன்னால் இந்தத் தாத்தா நிற்கிறார். வசனமே தேவையில்லை.

இரண்டாவது, 'கோடித்துணி' கதையிலிருந்து விபின் ராதாகிருஷ்ணன் இயக்கிய 'அங்கம்மாள்'. திரைப்பட விழாக்களைச் சுற்றிவிட்டு 2025 டிசம்பரில் தியேட்டருக்கு வந்தது. ரவிக்கை போடாமலே வாழ்ந்து பழகிய கிராமத்து அம்மா. டாக்டருக்குப் படித்த மகன், தனக்குப் பெண் கொடுக்கப்போகிற வீட்டார் வரும் நேரத்தில் அம்மா ரவிக்கை போட வேண்டும் என்கிறான். 'போட்டுக்கோம்மா, என்ன இப்போ?' என்று நமக்கும் தோன்றும். அங்கேதான் படம் நம்மைப் பிடிக்கிறது. படிப்பும் சம்பளமும் வந்தவுடன் பெற்றவர்களின் பேச்சும் உடுப்பும் சாப்பிடும் விதமும் நமக்குக் கூச்சமாகிவிடுகிறதா இல்லையா? கீதா கைலாசம் சுருட்டும் கையுமாக உட்கார்ந்து பார்க்கிற பார்வையில் அந்தக் கேள்வி இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் எது முதலில் என்று நான் சொல்லப்போவதில்லை. கிடைக்கிறதை முதலில் எடுங்கள். ஏனென்றால், இங்கே பிரச்னையே கிடைப்பதுதான்.

இருக்கும்போதே பாருங்க

ஓ.டி.டி-யில் ஒரு படம் வந்துவிட்டால் அது நிரந்தரமாக அங்கேயே இருக்கும் என்று நினைக்கிறோம். இல்லை. பல படங்களின் உரிமை குறிப்பிட்ட காலத்துக்குத்தான். ஒப்பந்தம் முடிந்தால் படம் போய்விடும். 'விடுதலை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் ஜீ5-ல் வந்தது, இரண்டாம் பாகம் அமேசான் பிரைமில் வந்தது. ஒரே கதையைப் பார்க்க இரண்டு சந்தா! பெரிய படத்துக்கே இந்த நிலைமை என்றால், சின்னப் படத்தை யார் தேடி வாங்கி வைப்பார்கள்?

அதற்கும் மேல் ஒரு சிக்கல். ஆப்பின் முகப்பில் உங்களுக்கு எதைக் காட்ட வேண்டும் என்று தீர்மானிப்பது, நீங்கள் இதுவரை பார்த்தவைதான். திரில்லராகப் பார்த்தால் திரில்லராகவே வரும். 'சேத்துமான்' மாதிரி படம் உங்கள் கண்ணில் படவே படாது. பார்க்கிறவர்கள் குறைந்தால், அடுத்தமுறை அப்படி ஒரு படத்தை வாங்க நிறுவனம் யோசிக்கும். நிறுவனம் வாங்காது என்று தெரிந்தால் தயாரிப்பாளர் எடுக்கவே மாட்டார். தயாரிப்பாளர் இல்லையென்றால், எழுத்தாளரின் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். நாம் சனிக்கிழமை ராத்திரி ரிமோட்டில் அழுத்துகிற பட்டன் இந்தச் சங்கிலியின் ஒரு முனை.

புத்தகத்துக்கும் இதே கதிதான். படம் வந்த சூட்டில் ஒரு பதிப்பு போடுவார்கள், அட்டையில் ஹீரோ படம் இருக்கும். சூடு ஆறினால் அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனவே, நல்ல புத்தகம் கண்ணில் பட்டால் 'அப்புறம் வாங்கிக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

பக்கத்து வீட்டு ஜன்னல்

மலையாளிகள் தங்கள் எழுத்தாளர்களை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பார்க்க ஒரு நல்ல வாய்ப்பு, 'மனோரதங்கள்'. எம்.டி.வாசுதேவன் நாயரின் கதைகளை வைத்து ஒன்பது படங்கள், 2024 ஆகஸ்டில் ஜீ5-ல் வந்தன. மோகன்லால், மம்மூட்டி என்று எல்லாரும் நடித்திருக்கிறார்கள். கமல்ஹாசன் ஒவ்வொன்றையும் அறிமுகப்படுத்துகிறார். அந்த வருடம் டிசம்பரிலேயே எம்.டி மறைந்துவிட்டார். ஒன்பதும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். மம்மூட்டி நடித்த 'கடுகண்ணாவ'விலிருந்து ஆரம்பியுங்கள். சிறுவயதில் அப்பா இலங்கையிலிருந்து கூட்டிவந்த ஒரு சிறுமியின் ஞாபகம், வயதான பத்திரிகையாளரை அந்தத் தேசத்துக்கே இழுத்துக்கொண்டு போகிறது. கண்டிச் சீமை சொந்தங்கள் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது வேறு மாதிரி வலிக்கும்.

கன்னடத்துக்குப் போனால் பானு முஷ்தாக். 'ஹார்ட் லேம்ப்' தொகுப்புக்காக 2025-ல் அவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்திக்கும் சர்வதேச புக்கர் கிடைத்தது. சிறுகதைத் தொகுப்பு ஒன்று அந்தப் பரிசை வெல்வது அதுதான் முதல் முறை. 50,000 பவுண்டு பரிசை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது அங்கே விதி. மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போடவே தயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

இந்தத் தொகுப்பில் கணவன் கைவிட்ட ஒரு பெண் நியாயம் கேட்டுப் பள்ளிவாசலுக்கு வந்து உட்காரும் கதை ஒன்று இருக்கிறது. அதை கிரீஷ் காசரவள்ளி 2004-லேயே 'ஹசீனா' என்று படமாக்கினார். நடித்த தாராவுக்குத் தேசிய விருது கிடைத்தது. லண்டனில் பரிசு அறிவிப்பதற்கு 20 வருடங்களுக்கு முன்பே பக்கத்து மாநிலத்தில் ஒரு இயக்குநர் அந்தக் கதையின் மதிப்பைக் கண்டுபிடித்திருக்கிறார். நமக்குத்தான் லண்டன் சொன்னபிறகு தெரிந்தது.

சுஜாதா ரசிகர்களுக்கு ஒன்று

'என் இனிய இயந்திரா' படித்து வளர்ந்தவர்களுக்கு லியூ சிஷின் எழுதிய சீன அறிவியல் புனைவு 'த த்ரீ-பாடி பிராப்ளம்'. 2015-ல் ஹ்யூகோ விருது வாங்கிய நாவல். 2024-ல் நெட்ஃப்ளிக்ஸ் இதை எட்டு எபிசோடுகளாக எடுத்தது. அதற்கு முந்தைய வருடம் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் 30 எபிசோடுகளாக எடுத்திருந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யமான அரசியல் உண்டு. சீனக் கலாசாரப் புரட்சியில் ஒரு பேராசிரியர் கூட்டத்தின் நடுவே மகள் கண்ணெதிரில் அடித்துக் கொல்லப்படுகிறார். கதை மொத்தமும் அந்த மகளின் காயத்தில்தான் நிற்கிறது. சீனப் புத்தகப் பதிப்பில் இந்தப் பகுதி நடுவில் மறைந்து கிடக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பில் கென் லியூ அதை முதல் அத்தியாயமாக்கினார். நெட்ஃப்ளிக்ஸும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆனால், மிச்சக் கதையைத் தூக்கி லண்டனில் வைத்துவிட்டது. ஒரு காட்சி எந்த இடத்தில் வருகிறது என்பதில்கூட ஒரு நாட்டின் பயம் தெரிகிறது பாருங்கள். விஞ்ஞானம் பிடிக்குமென்றால் புத்தகம் முதலில், மனிதர்கள் பிடிக்குமென்றால் சீரிஸ் முதலில்.

சரி, எங்கே ஆரம்பிக்கிறது?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடிக்க நினைத்தால் எதுவும் நடக்காது. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம், 'சேத்துமான்' அல்லது 'அங்கம்மாள்'. எது கையில் கிடைக்கிறதோ அதைப் பார்த்துவிட்டு, அந்தக் கதையைப் பெருமாள்முருகனின் தொகுப்பில் தேடிப் படியுங்கள்.

இரண்டாவது வாரம், 'துணைவன்' சிறுகதையும் 'விடுதலை' முதல் பாகமும்.

மூன்றாவது வாரம், 'ஆடு ஜீவிதம்' நாவல். படத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். நாவல் மனதில் கொஞ்சம் ஊறட்டும்.

நான்காவது வாரம், மகோந்தோவுக்கு டிக்கெட் எடுங்கள். மூன்று எபிசோடு, அப்புறம் புத்தகம்.

ஊர் நூலகத்தில் உறுப்பினராக இருக்கிறீர்களா? இல்லையென்றால் ஆகிவிடுங்கள். நீங்கள் கேட்கிற புத்தகம் அங்கே இல்லாவிட்டால் நூலகரிடம் சொல்லி எழுதி வையுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் அலமாரிக்குப் புத்தகம் வரும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. அடுத்தமுறை ஒரு படம் பிடித்துப்போனால், டைட்டில் கார்டை ஓட்டிவிடாமல் நிறுத்திப் பாருங்கள். 'கதை' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? இயக்குநர் பெயரும் ஹீரோ பெயரும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த மூன்றாவது பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதிய வேறு பத்துக் கதைகள் எங்கேயோ ஒரு அலமாரியில் இருக்கும். அவற்றை யாரும் படமாக எடுக்கப்போவதில்லை. படிக்க ஆள் இருந்தால் போதும்.